வாட்ஸ்அப்பில் சிகரெட் ஆர்டர் வந்தால்

பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகள் இப்போது வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி வீட்டுக்கே அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அரிசி, பருப்போடு ஒரு பாக்கெட் சிகரெட்டும் பட்டியலில் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அப்பாவின் போனிலிருந்து பையன் அனுப்பியிருக்கலாம்.

18 வயது ஆகாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமை: 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சாமான் கொண்டு போகும் தம்பியிடம் கட்டாயமாகச் சொல்லிவிடுங்கள். கதவைத் திறப்பது சின்னப் பிள்ளை என்றால் மற்றதைக் கொடுக்கலாம், சிகரெட் கடைக்கே திரும்பி வர வேண்டும். இளவட்டமாகத் தெரிந்தால் ஆதாரிலோ ஓட்டுநர் உரிமத்திலோ பிறந்த தேதியைப் பார்த்தால் போதும். போட்டோ எடுத்து வைக்க வேண்டாம். அடுத்தவர் ஆதார் நம் போனில் கிடப்பது வம்பு.

அப்புறம், இ-சிகரெட்டுக்கு வயதுக் கணக்கே கிடையாது. 2019 முதல் அதை யாருக்குமே விற்கக் கூடாது, ஆன்லைனிலும்தான்.