ஊர் ஊராகப் போகும் ஊழியக்காரர்கள் வீட்டில் செய்யும் தவறுகள்

கன்வென்ஷன் (சில நாள் தொடர்ந்து நடக்கும் பிரசங்கக் கூட்டம்), உபவாசக் கூட்டம், வாலிபர் முகாம் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கும் கிறிஸ்தவ ஊழியக்காரர்களுக்கும், அவர்களை அழைக்கும் சபைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பிரிந்திருக்கும் நாட்களின் எண்ணிக்கைதான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். கப்பல் வேலைக்குப் போகிறவரும் ராணுவத்தில் இருப்பவரும் இதைவிட அதிக நாள் வீட்டைப் பிரிந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் வீட்டில் மனைவி "இந்தத் தடவையாவது லீவு போடுங்க" என்று சண்டை போடலாம், கம்பெனியைத் திட்டலாம், மனம் கொஞ்சம் ஆறும். ஊழியக்காரரின் மனைவி அப்படிச் சொன்னால் கர்த்தருடைய வேலைக்கே தடையாக நிற்கிறார் என்றாகிவிடும். அதனால் அவர் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைகளும் அதைப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கேயிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் தேதி கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். போன் வருகிறது, "ஐயா, மார்ச் கடைசியில மூணு நாள் கூட்டம், நீங்கதான் வரணும்." டைரியில் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, உடனே சரி என்று சொல்லியாச்சு. மனைவிக்கு விஷயம் தெரிவது நோட்டீஸ் அச்சாகி வாட்ஸ்அப்பில் வந்த பிறகு. சபையின் காலண்டரும் பள்ளிக்கூடத்தின் காலண்டரும் மோதுகிற இடங்களை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், கூட்டங்கள் நெருக்கியடிக்கும், தமிழ்நாட்டில் அதே வாரங்களில்தான் ப்ளஸ் டூவும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் வரும். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் ஆராதனை, 31-ஆம் தேதி இரவு ஆராதனை, பிள்ளைகளுக்கு அப்போதுதான் அரையாண்டு விடுமுறை. மே மாதம் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, முகாம். பிள்ளைக்கு அப்பா தேவைப்படும் நாளும், பிள்ளை சும்மா இருக்கும் நாளும், இரண்டுமே அப்பாவுக்கு சீசன்.

இதற்கு வழி சிக்கலானதல்ல. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கணவனும் மனைவியும் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். பரீட்சை, பெற்றோர் கூட்டம், பிறந்தநாள், திருமண நாள், வயதான அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாவற்றையும் முதலில் குறியுங்கள். கூட்டங்களுக்குத் தேதி கொடுப்பது அதற்கப்புறம். போனில் கேட்பவரிடம் "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகியவர்கள் "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றும் சொல்லலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. பவுல் 1 கொரிந்தியர் 7:5-ல் உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் கணவன் மனைவி பிரிந்திருப்பதற்கே இருவரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் சில காலம்தான் என்கிறார். ஜெபத்துக்கே சம்மதம் வேண்டும் என்றால் கன்வென்ஷனுக்கு வேண்டாமா?

அடுத்தது, கவனக்குறைவுக்கு வசனத்தால் போர்வை போடுவது. "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்ற வசனத்தை எடுத்து, மகளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகாததற்கு விளக்கமாகச் சொல்கிறார்கள். விசுவாசத்துக்காக வீட்டாரே எதிர்த்து நிற்கும்போது என்ன செய்வது என்ற இடத்தில் இயேசு சொன்னது அது. வீட்டார் விஷயத்தில் கர்த்தரைச் சாக்குச் சொல்கிறவர்களைப் பற்றி அவர் மாற்கு 7-ல் நேரடியாகவே பேசியிருக்கிறார்: பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன், என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் தேவவசனத்தை அவமாக்குகிறார்கள். 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமை, வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன். இந்த வசனத்தை வைத்துக் கன்வென்ஷன் மேடையில் யாராவது மூன்று நாள் பேசினால் நன்றாக இருக்கும்.

மிஷனரிகளின் கதையைச் சொல்லும்போதும் இதே போர்வைதான். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்குக் கப்பலேறியதையும் அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புகளையும் சொல்வோம். மனைவி டோரதி முதலில் வர மறுத்ததை, பிறகு தன் சகோதரி துணைக்கு வர கைக்குழந்தையோடு கிளம்பியதை, அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்ததை, அதற்கப்புறம் மனம் கலங்கி 1807-ல் சாகும்வரை அவர் தேறாமலே போனதைச் சொல்வதில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1751-ல் மேரியைத் திருமணம் செய்த சில வாரங்களிலேயே, மணமான பிரசங்கி ஒருவர் மணமாகாத நாட்களைவிட ஒரு பிரசங்கமோ ஒரு நாள் பயணமோ குறைத்தால் அதற்கு தேவனிடம் எப்படிக் கணக்குச் சொல்வார் என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்த மணவாழ்க்கை கசந்தது, மேரி பிரிந்து போனார். 1781-ல் மேரி இறந்தபோது அடக்கம் நடந்ததே வெஸ்லிக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இவர்களுடைய ஊழியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் பட்ட துன்பத்தை "தியாகம்" என்று நாம் பெயர் வைத்து இளம் ஊழியர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது தப்பு. அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாம் தன் சுயசரிதையில் வெளிப்படையாகவே எழுதினார், மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் பயணத்தைக் குறைத்துக் குடும்பத்தோடு அதிக நேரம் இருந்திருப்பேன் என்று. ஒரு கூட்டத்துக்கு மனைவி ரூத் அழைத்து வந்த சின்ன மகளைத் தனக்கு அடையாளமே தெரியவில்லை என்பதையும் அவரேதான் எழுதியிருக்கிறார்.

திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கென்னவோ அதுதான் போகிற நாளைவிட முக்கியம். பத்து நாள் மனைவி தனியாக வீட்டை நடத்தியிருக்கிறார்: கேஸ், ஸ்கூல் பீஸ், மகனுக்கு வந்த காய்ச்சல், பக்கத்து வீட்டுத் தகராறு. ஐயா பையைக் கீழே வைத்ததும், "ஏன் இவன் இன்னும் தூங்குறான், ஏன் டியூஷனை மாத்தினே" என்று விசாரணை ஆரம்பம். மேடையில் பத்து நாள் மரியாதையும் மாலையும் பெற்றவர் வீட்டிலும் அதையே எதிர்பார்க்கிறார். இல்லையென்றால் படுத்துவிடுகிறார், எழுந்ததும் போன், ஜெப விண்ணப்பங்கள், அடுத்த கூட்டத்துக்கான பேச்சு. வந்த முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். மனைவி எடுத்த முடிவு முடிவாகவே இருக்கட்டும். போனை அணைத்துவிட்டு, நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் கேளுங்கள், நடுவில் வசனம் சொல்லி ஆறுதல்படுத்தவும் வேண்டாம்.

யாத்திராகமம் 18-ல் மாமனார் எத்திரோ மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் வனாந்தரத்துக்கு அழைத்து வருகிறார். மோசே மாமனாரை வணங்கி முத்தமிட்டு நலம் விசாரிப்பது எழுதப்பட்டிருக்கிறது, மறுநாள் காலை முதல் சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிப்பதும் எழுதப்பட்டிருக்கிறது. மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசியதாக ஒரு வரி இல்லை. எழுதாததை வைத்து மோசேயைக் குற்றப்படுத்தக் கூடாதுதான். ஆனாலும் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்ன அந்த மாமனார், மகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்தவர்தான்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டில் நடந்ததைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்வது முன்பும் உண்டு, அந்த ஊரோடு போய்விடும். இன்று எல்லாம் யூடியூபில் இருக்கிறது. மகன் கணக்கில் தோற்றதையும், மனைவியோடு வந்த மனஸ்தாபத்தையும் சாட்சியாகச் சொன்னால் கூட்டம் உருகும், மறுநாள் அந்தப் பையன் வகுப்பில் உட்கார வேண்டும். அவர்களிடம் கேட்காமல் அவர்கள் கதையைச் சொல்லாதீர்கள். "ஊழியக்காரர் பிள்ளை இப்படியா?" என்ற பேச்சை ஏற்கெனவே எல்லா இடத்திலும் சுமக்கிறார்கள், அது போதும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணிக்கை ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வந்தது எவ்வளவு என்பதை மனைவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் வீட்டு உரிமையாளரிடமும் மளிகைக் கடையிலும் பதில் சொல்வது அவர்தான். நல்ல மாதத்தில் வந்ததில் ஒரு பகுதியை ஜூன் மாத பீஸுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒதுக்குங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

அழைக்கிற சபைகளே, மூன்று நாள் என்று கேட்டு வரவழைத்துவிட்டு, "வந்ததுதான் வந்தீங்க, திங்கட்கிழமை ஒரு ஜெபக்கூட்டமும்" என்று இழுக்காதீர்கள். ஞாயிறு இரவு ரயிலுக்கே டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். தேதி கேட்கும்போதே "அன்னைக்கு வீட்டுல ஏதாவது இருக்குதா ஐயா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் வேறு தேதி பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் உள்ளூரிலேயே ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.