ஸ்விட்ச் போர்ட்டில் டிராஃபிக் ஷேப்பிங்: எங்கே தவறு நடக்கிறது?

ஏற்காட்டில் ஒரு விடுதி, அதற்கு 50 எம்பிபிஎஸ் லைன். சேலத்து அலுவலகத்தோடு பேச ஐபி போன். கோடை விழா சமயத்தில் அறைகள் நிரம்பினால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். ஸ்விட்சில் குரலுக்கு முன்னுரிமை க்யூ (வரிசை) போட்டுத்தான் இருக்கும். அப்புறம் ஏன் இப்படி?

லைன் 50 எம்பிபிஎஸ்தான், ஆனால் அது செருகியிருக்கும் போர்ட் 1 ஜிபிபிஎஸ். ஸ்விட்சுக்குப் போர்ட்டின் வேகம் மட்டுமே தெரியும். அந்த வேகத்தில் பாக்கெட் (தரவுத் துண்டு) தேங்குவதே இல்லை; தேக்கம் இல்லாத இடத்தில் முன்னுரிமைக்கு என்ன வேலை? எல்லாம் அப்படியே வெளியே போய், 50ஐத் தாண்டியது லைன் கொடுத்தவரின் முனையில் வெட்டுப்படுகிறது. போன் பேச்சா, யாரோ ஏற்றும் போட்டோவா என்று அங்கே பார்ப்பதில்லை. பெரிய தவறு இதுதான். வெளியே போகும் போர்ட்டை 46, 47 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் செய்யுங்கள், அதாவது அதைத் தாண்டாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். நெரிசல் நம் ஸ்விட்சுக்குள் வந்துவிடும், வரிசையை நாம் தீர்மானிக்கலாம். இது அப்லோடுக்கு மட்டும். கீழே சேலத்திலிருந்து விடுதிக்கு வரும் டிராஃபிக்கைச் சேலம் முனையில்தான் ஷேப் செய்ய வேண்டும்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் போர்ட் வரம்பை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது. 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் அது 100 எம்பிபிஎஸ், நமக்குப் பயனில்லை. போர்ட்டையே 100க்கு இறக்கிவிட்டு வரம்பு வையுங்கள். அதுவும் துல்லியமாக நிற்காது, சுமார் 6 சதவீதப் படிகளில்தான் நகரும். கொஞ்சம் குறைத்தே வையுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ரவுட்டரில் ஷேப் செய்வதே நல்லது.

அதே ஸ்விட்சில் க்யூவுக்குக் கொடுக்கும் ஷேப் எண் தலைகீழாக வேலை செய்யும். 25 என்றால் 25 சதவீதம் இல்லை, இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 4 சதவீதம். முதல் க்யூவுக்கு இயல்பாகவே 25தான் இருக்கும். அதை முன்னுரிமை க்யூவாக மாற்றாவிட்டால், 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் அந்த க்யூ 4 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். ஷேர் எண்ணை (க்யூக்கள் வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விகிதத்தை) எவ்வளவு ஏற்றினாலும் அசையாது, ஷேப் இருக்கும் க்யூவில் ஷேர் எடுபடாது. க்யூஓஎஸ்ஸை (டிராஃபிக்கை முன்னுரிமைப்படி பிரிக்கும் வசதியை) ஆன் செய்ததும் டிரஸ்ட், அதாவது வரும் குறியை நம்பச் சொல்லும் கட்டளை, கொடுக்க மறந்தால், போனிலிருந்து 46 என்ற டிஎஸ்சிபி குறியோடு (பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண்) வரும் பாக்கெட்டின் குறி பூஜ்யமாகிவிடும்.

முன்னுரிமை க்யூவில் சிசிடிவியையும் சேர்க்கச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். ஜி.711 (ஐபி போன்களில் குரலை அனுப்பும் ஒரு முறை) அழைப்பு ஒன்றுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கும். கேமராவும் உள்ளே வந்தால் மற்ற க்யூக்கள் பட்டினிதான்.

பாக்கெட் விழுகிறதே என்று பஃபரை (பாக்கெட் காத்திருக்கும் இடத்தை) பெரிதாக்குவதும் வேண்டாம். 47 எம்பிபிஎஸ்ஸில் 1 மெகாபைட் தேங்கினால் 170 மில்லி விநாடி தாமதம். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150க்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்). சாதாரண க்யூவில் போகும் வீடியோ அழைப்பு இதில் அடிபடும்.

மலைக்கு ரேடியோ லிங்க் வழியாக லைன் வந்தால், சிக்னல் குறையும்போது வேகமும் குறையும். ஆகவே காலையில் ஒருமுறை ஸ்பீட் டெஸ்ட் பார்த்து ஷேப்பர் எண்ணைப் போடாதீர்கள். கூட்டம் உள்ள சனிக்கிழமை இரவில் அளந்து, கிடைத்ததில் குறைந்த அளவுக்கும் கீழே வையுங்கள்.