அந்த ஒரு வரி பத்திரத்தில் இல்லையென்றால்

எங்கள் சட்ட உதவி மேசைக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், நான் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பை, உதவப் போகிற நாமே எப்படிக் கோட்டை விடுகிறோம் என்பதுதான் பேச்சு.

நிபந்தனை இல்லாத செட்டில்மென்ட்

செட்டில்மென்ட் என்றால் விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது. அதில் நடப்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. 60 வயது கடந்தவர், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டுவிட்டால், அது மோசடியாகவோ மிரட்டியோ எழுதி வாங்கியதாகவே கொள்ளப்படும். கொடுத்தவர் கேட்டால் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர். சிவில் கோர்ட்டில் வருஷக்கணக்கில் அலைய வேண்டாம்.

நம் ஊர்ப் பத்திரங்களில் என்ன இருக்கும்? 'உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்.' அத்தோடு சரி. நிபந்தனை இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் 23 பொருந்தாது என்று 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் தாய்க்குச் சொத்து திரும்பக் கிடைத்ததைச் சொல்லி வாதாடுகிற தம்பிகள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடைசிவரை பராமரிப்பதாக எழுதிய தனி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று அங்கே ஆதாரமாக இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகளுக்கு வீட்டை எழுதப் போனபோது எங்கள் தன்னார்வலப் பையன் ஒருவனைத் துணைக்கு அனுப்பினேன். நிபந்தனை வரியைக் கையில் எழுதியே கொடுத்திருந்தேன். "இதெல்லாம் போட்டா மருமகப்பிள்ளை என்ன சார் நெனப்பாரு?" என்றாராம் ஆவண எழுத்தர். சார் கூச்சப்பட்டார், இவன் தலையாட்டிவிட்டு வந்தான். அடுத்த வருஷம் வீடு அடமானத்தில், சார் தம்பி வீட்டில். கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வியே, "நிபந்தனை எந்தப் பக்கத்துல இருக்குங்க ஐயா?"

உடனே அந்தப் பையன், "ரத்துப் பத்திரம் போட்டுடலாமா?" என்றான். நிபந்தனை இல்லாமல் பதிவான செட்டில்மென்டை ஒருதலையாக ரத்து செய்யும் பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-லேயே சொல்லிவிட்டது.

கூச்சத்தை வாசலில் விட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்: உணவு, உடை, உறைவிடம், வைத்தியம், தவறினால் சொத்து திரும்பும், ஆயுள்வரை வீட்டில் வசிக்கும் உரிமை. அதற்கும் தயங்குகிறவர் உயில் எழுதட்டும். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாமே.

பென்ஷன் வாங்க 'பவர்'

பென்ஷன் வாங்கிவர ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதுகிறோம். சொத்தை விற்கும் அதிகாரம் அதில் எதற்கு? அந்தப் பத்தியை அடிக்கச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் கைது

போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டி, 'கைது' என்று உட்கார வைத்துப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது.

1930-க்கு முன் குடும்பக் கூட்டம்

1930 என்பது சைபர் மோசடிப் புகார் எண். பணம் போனால் முதலில் அதற்குப் போன். பஞ்சாயத்து அப்புறம்.

காப்பாளரை நியமித்துவிட்டு மறப்பது

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர் அளவிலான குழு காப்பாளரை நியமிக்கிறது. உத்தரவு கையில் வந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சொத்தைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் தர வேண்டும். கேட்க ஆளில்லாத இடத்தில் காப்பாளரான சித்தப்பா கணக்கு எழுதுவாரா? அவர் சொத்தைக் கையாடினால், அவரை நீக்கச் சொல்லிப் பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ அதே குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

இன்னொன்று, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 13-ஆவது பிரிவு. பணம், சொத்து விஷயத்தில் துணை நிற்பவருக்கே ஆதாயம் இருந்தால், அந்த விஷயத்தில் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கைரேகை வைக்கிறவரின் விரலைப் பிடிப்பவர் யார் என்று பாருங்கள். சொத்தை வாங்குகிறவரே பிடித்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து விடுவது

மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.