பருவுக்கு ஆன்டிபயாட்டிக் ஜெல்: தடவும் முறையும் நிறுத்தும் நாளும்

கல்லூரிப் பையன். வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கிய டியூப் ஒன்றைக் கவுன்டர் கண்ணாடிமேல் வைத்தான். "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்கக்கா. மொதல்ல நல்லாக் கேட்டுச்சு. இப்பக் கேக்கவே மாட்டேங்கு." எவ்வளவு நாளாகப் போடுகிறாய் என்று கேட்டேன். "தீபாவளிக்கு ஆரம்பிச்சது." அன்றைக்கு ஆனி மாதக் கடைசி. எட்டு மாதத்துக்கு மேல்!

டியூபில் இருந்தது கிளின்டாமைசின் 1 சதவீத ஜெல், அது மட்டும்தான். மருந்துச் சீட்டு கேட்டால் போனை நீட்டினான். அவனுடைய ரூம்மேட்டுக்கு யாரோ ஒரு டாக்டர் எழுதியது, அதன் போட்டோ.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இந்தப் பையனைப் போல வருகிறார்கள். கவுன்டரில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது தோல் டாக்டர். அவர் எழுதிக் கொடுத்ததை எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் படி: அது பருதானா, எந்த மாதிரிப் பரு?

தோலில் முடி முளைக்கும் துளைக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் செத்த தோலும் சேர்ந்து அடைத்துக்கொள்வதில்தான் பரு தொடங்குகிறது. அடைப்பு மட்டும் இருந்தால் கரும்புள்ளி, அல்லது தோலுக்கடியில் வெள்ளையாக ஒரு குருணை. அதற்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடம்பு அதோடு சண்டை போடும்போதுதான் சிவந்து, வலித்து, சீழ் வைக்கும். ஆன்டிபயாட்டிக் ஜெல்லுக்கு வேலை இருப்பது இந்தச் சிவந்த பருக்களில்தான். மூக்கு நுனியில் கரும்புள்ளி மட்டும் இருப்பவர் இந்த ஜெல்லைப் போட்டால் காசுக்குத்தான் கேடு.

நெற்றியிலும் முதுகிலும் எல்லாம் ஒரே அளவில், வேர்க்குரு போல, அரிப்போடு இருந்தால் அது பூஞ்சையால் வரும் வேறு தொந்தரவாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் இன்னும் கூடும். தொட்டால் உள்ளே கோலிக்குண்டு போல உருளும் கட்டிகள், ஆறிய இடத்தில் பள்ளம், இவை இருந்தால் மேல்பூச்சோடு நிற்காமல் நேராக டாக்டரிடம் போங்கள். தழும்பு விழுந்த பிறகு அதை எடுக்கிற செலவு வேறு.

இரண்டாம் படி: டியூபைப் படிப்பது

பெயரைப் பார்க்காதீர்கள். பிராண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பெயரும் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். டியூபின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். நம் ஊரில் பருவுக்கு அதிகம் எழுதப்படும் ஆன்டிபயாட்டிக் பூச்சுகள் இரண்டு: கிளின்டாமைசின் 1 சதவீதம், ஜப்பானிலிருந்து வந்த நாடிஃப்ளாக்சசின் 1 சதவீதம். பழைய எரித்ரோமைசின் இப்போது அபூர்வமாகத்தான் சீட்டில் வருகிறது. கிளின்டாமைசினோடு பென்சாயில் பெராக்சைடோ அடாபலீனோ கலந்த டியூபும் உண்டு. உங்கள் டியூபில் ஒரு மருந்து இருக்கிறதா இரண்டு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அடுத்த படி அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது கண்ணில் பட்டால் டியூபை மூடிவிடுங்கள். அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கென்று விற்கும் கலவை கிரீம்களிலும், "வெள்ளையாக்கும்" கிரீம்களிலும் இது ஒளிந்திருக்கும். போட்ட நாலாம் நாளே பரு அமுங்கும், முகம் பளபளக்கும். அதனால்தான் ஆபத்து. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பு நூல் போலத் தெரியும், நிறுத்தினால் பரு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு அழகு நிலையத்தில் கொடுத்த பெயரில்லாத டப்பா கிரீமைப் போட்டாள். அன்றைய ஆல்பத்தில் முகம் பளிச்சென்றுதான் இருக்கிறது. அடுத்த ஒரு வருடம் வெயிலில் தலைகாட்ட முடியாமல் பட்ட பாட்டை ஆல்பம் காட்டாது. 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. கிளின்டாமைசினும் சீட்டு மருந்துதான். "சும்மா ஒரு ஆயின்மென்ட்தானே" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் இதையும் கவனிக்கவும்.

மூன்றாம் படி: கூட்டாளி இருக்கிறதா?

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்: ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாகப் போடக் கூடாது.

கிளின்டாமைசின், பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றியமைத்துக்கொண்ட பாக்டீரியா தப்பித்துவிடும். தப்பித்தது பெருகும். மாதக்கணக்கில் தினமும் தடவினால் கடைசியில் முகத்தில் மிஞ்சியிருப்பது மருந்துக்கு அசராத கூட்டம்தான். அந்தப் பையன் "கேக்கவே மாட்டேங்கு" என்றது இதைத்தான். 1970களின் கடைசியிலேயே அமெரிக்காவில், இந்த மருந்துகளைத் தடவியவர்களின் தோலில், அவற்றுக்குப் பணியாத பாக்டீரியாவைக் கண்டுவிட்டார்கள். எரித்ரோமைசினுக்குப் பழகியது பெரும்பாலும் கிளின்டாமைசினுக்கும் பழகிவிடும். தோலில் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் சேர்ந்தே பழகிக்கொள்ளும்.

பென்சாயில் பெராக்சைடு ஆன்டிபயாட்டிக் இல்லை. அது துளைக்குள் போய் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. காற்று இல்லாத இடத்தில் வாழ்ந்து பழகிய பாக்டீரியாவுக்கு அது தாங்காது. ஏதோ ஒரு இடத்தை மட்டும் குறிவைக்காமல் கண்டதையெல்லாம் எரிப்பதால், இதற்கு எதிராகப் பாக்டீரியா பழகியதாக இதுவரை தெரியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்துப் போட்டால், ஜெல்லுக்குத் தப்பியதைப் பெராக்சைடு முடித்துவிடும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் இரண்டுமே ஆன்டிபயாட்டிக் பூச்சைத் தனியாகப் போட வேண்டாம் என்கின்றன.

உங்கள் டியூபில் கிளின்டாமைசின் மட்டும் இருந்தால், "இதோட பென்சாயில் பெராக்சைடு வேண்டாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். 2.5 சதவீதமே போதும். 5, 10 என்று ஏற ஏற எரிச்சல்தான் கூடுமே தவிர பலன் அந்த அளவுக்குக் கூடாது. அதையும் தாங்காத தோலுக்கு, போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் கழுவிவிடும் பேஸ்வாஷ் வடிவம் உண்டு. அடாபலீன் துளையின் அடைப்பைத் திறக்கும் இன்னொரு நல்ல கூட்டாளி. ஆனால் கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: ஒத்துக்கொள்கிறதா?

தாடைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு இடத்தில் மூன்று இரவு போட்டுப் பாருங்கள். லேசான குறுகுறுப்பு, தோல் வறட்சி இவை சகஜம். வீங்கினாலோ, அரித்துத் தடித்தாலோ நிறுத்துங்கள். உதடு வீங்கி மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. குடல் அழற்சி நோய் இருப்பவர்கள், முன்பு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தவர்கள் கிளின்டாமைசின் எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: தடவுவது

இரவுச் சாப்பாடு முடிந்து, படுக்க அரை மணி நேரம் இருக்கும்போது தொடங்குங்கள். மணமில்லாத, உறுத்தாத பேஸ்வாஷால் கையாலேயே கழுவுங்கள். நார், ஸ்கிரப் வேண்டாம். பரு என்பது அழுக்கு இல்லை, தேய்த்தால் போக. ஒற்றித் துடைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தோலில் மருந்து வேகமாக இறங்கி எரியும்.

மருந்தைப் பச்சைப் பட்டாணி அளவு விரல்நுனியில் எடுங்கள். முழு முகத்துக்கும் அவ்வளவுதான். நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என ஐந்து பொட்டாக வைத்து, அங்கிருந்து மெல்லப் பரத்துங்கள். தடவி முடித்ததும் முகத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அளவு அதிகம். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாய்க்கோடி இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். முதலில் உரிவது அங்கேதான்.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: தெரிகிற பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது. இன்று தெரியும் பரு உள்ளே உருவாகிச் சில வாரம் ஆகியிருக்கும். அடுத்த மாதத்துப் பரு இப்போது பக்கத்திலேயே ஒன்றும் தெரியாமல் தயாராகிக்கொண்டிருக்கிறது. பரு வரும் பகுதி முழுக்கத் தடவினால்தான் அதையும் பிடிக்கலாம். சீட்டில் இரண்டு வேளை என்றோ, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்றோ இருந்தால் அப்படியே போடுங்கள்.

பெராக்சைடு துணியை வெளுக்கும். கருநீலத் தலையணை உறையில் காலையில் காவி நிறத் திட்டு இருந்தால் பயப்படாதீர்கள், அது மருந்தின் வேலை. இதை நான் சொல்ல மறந்த ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா அரக்கு நிறத் துண்டோடு கடைக்கே வந்துவிட்டார். நடுவில் ஒரு கை அகலத்துக்கு ரோஸ் நிறம். இப்போதெல்லாம் டியூபைக் கொடுக்கும்போதே "வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

ஆறாம் படி: காத்திருப்பது

முதல் இரண்டு வாரம் மோசமாகத்தான் இருக்கும். முகம் இழுக்கும், பொடிபோல உரியும். பலர் இந்தக் கட்டத்தில்தான் "ஒத்துக்கல" என்று விடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். நாலு முதல் ஆறு வாரத்தில் புதுப் பரு குறையத் தொடங்கும். தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஜன்னலோரத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

நடுவில் எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா என்று எதையும் சேர்க்காதீர்கள். தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்துத் தூங்கினால் நெற்றிப் பரு போகாது, பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இதில் நம் நிறத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் பழுப்பாகவோ கருப்பாகவோ மாதக்கணக்கில் நிற்கும். அதைப் பார்த்து, பரு இன்னும் போகவில்லை என்று ஜெல்லைத் தொடர்கிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள். மேடில்லை, வலியில்லை என்றால் அது பரு இல்லை, வெறும் கறை. கறையில் கொல்வதற்குப் பாக்டீரியா எதுவும் இல்லை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாக மங்கும். பரு போய்ப் பல மாதம் ஆன பிறகும் கறைக்காக கிளின்டாமைசின் வாங்கிக்கொண்டே இருந்த ஒரு டீச்சரை எனக்குத் தெரியும்.

ஏழாம் படி: நிறுத்துவது

தொடங்கிய நாளில் டியூபின்மேலேயே மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள். அதிலிருந்து பன்னிரண்டு வாரம் எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுங்கள். பிரிட்டனின் வழிகாட்டுதலும் முதல் கட்டச் சிகிச்சைக்கு இதே பன்னிரண்டு வாரத்தைத்தான் வைக்கிறது. அந்தத் தேதிக்குள் டாக்டரை மறுபடி பாருங்கள். முகம் தெளிந்திருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு, பென்சாயில் பெராக்சைடையோ அடாபலீனையோ மட்டும் தொடரச் சொல்வார். தெளியவில்லை என்றால் வேறு வழி பார்ப்பார். இன்னொரு டியூப் அதே ஜெல் அதற்கு வழி இல்லை. மாத்திரை எழுதினால், ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் ஜெல் போடுவதைச் சொல்லிவிடுங்கள். மாத்திரை, ஜெல் இரண்டும் ஆன்டிபயாட்டிக்காக ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

அந்தப் பையனுக்கு அன்று டியூப் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனான். பத்து நாள் கழித்துச் சொந்தப் பெயரில் சீட்டோடு வந்தான். அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் எழுதியிருந்தது, கிளின்டாமைசின் இல்லை. பில் போடும்போது, அறையில் இன்னொரு பழைய டியூப் பாதி இருக்கிறது, தங்கச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டான். வேண்டாம், இங்கே கொண்டு வா என்றேன். மறுநாள் கொண்டு வந்தான். ஏப்ரலிலேயே காலாவதி ஆகியிருந்தது.