பிரிண்டர் கலர் புரொஃபைல்: பல அளவீடுகளைச் சராசரி எடுப்பது எப்படி?

கலர் சார்ட்டை (பல நிறக் கட்டங்கள் அச்சிட்ட தாள்) நிறம் அளக்கும் கருவியால் ஒரே ஒருமுறை அளந்து புரொஃபைல் (பிரிண்டர் நிறங்களை எப்படி அச்சிடுகிறது என்று சொல்லும் கோப்பு) செய்தால், அந்தத் தாளில் விழுந்த தூசியும், கருவி அந்த நேரம் காட்டிய தடுமாற்றமும் புரொஃபைலுக்குள் போய்விடும். சாம்பல் நிறங்களில்தான் இது பளிச்சென்று தெரியும். சராசரி எடுத்தால் பெருமளவு சரியாகும். இலவச மென்பொருளான ஆர்கில் சிஎம்எஸ்ஸை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: எதைத் திரும்பச் செய்வது?
ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அளந்தால் கருவியின் தடுமாற்றம் மட்டும் குறையும். தாளுக்குத் தாள் மை மாறுவது அப்படியே இருக்கும். அதனால் ஒரே சார்ட்டை 3 தாள்களில் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் அளப்பதே நல்லது. பேப்பர் வகை, தரம் எதையும் நடுவில் மாற்றாதீர்கள். பிரிண்டர் டிரைவரின் கலர் மேனேஜ்மென்ட் (நிறங்களைத் தானாக மாற்றும் வசதி) அணைந்திருக்க வேண்டும். இங்க்ஜெட் என்றால் ஒரு நாள் உலரட்டும்.

படி 2: அளப்பது
ஒவ்வொரு தாளுக்கும் முன்பு கருவியை அதன் வெள்ளை ஓட்டில் காலிபரேட் செய்யுங்கள். தாளுக்கு அடியில் வைக்கும் பின்னணி மூன்று முறையும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு தாளை அளந்ததும், கிடைத்த டிஐ3 கோப்பின் (அளவீடுகள் அடங்கிய கோப்பு) பெயரை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாசிப்பு அதன் மேலேயே எழுதிவிடும்.

படி 3: சேர்க்கும் முன் ஒப்பிடுங்கள்
பலரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு இதுதான் முக்கியம். 'கோல்வெரிஃபை' கட்டளையில் இரண்டிரண்டு கோப்பாகக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் டெல்டா ஈ (இரண்டு நிறங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) வரும். எல்லாக் கட்டங்களிலும் சிறிதாக இருந்து, ஒரு வரிசையில் மட்டும் எகிறினால் அந்த வரிசையில் கருவியைத் தவறாக இழுத்திருக்கிறீர்கள். ஒரே கட்டத்தின் வெளிச்ச அளவு (0 கருப்பு, 100 வெள்ளை) ஒரு வாசிப்பில் 50, இன்னொன்றில் 58 என்றால், சராசரியான 54 யாருக்கும் உண்மையில்லை. அந்தத் தாளை மறுபடி அளந்துவிடுங்கள்.

படி 4: சராசரி
'ஆவரேஜ்' கட்டளைக்கு மூன்று கோப்புகளையும் வரிசையாகக் கொடுத்து, கடைசியில் புதுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். சந்தேகமான கட்டங்கள் மிச்சமிருந்தால் சராசரிக்குப் பதில் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுக்கும் வசதியும் அதில் உண்டு. விலகி நிற்கும் ஒரு எண் அதில் ஆதிக்கம் செலுத்தாது.

எத்தனை போதும்? தற்செயலான பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும். 4 அளவீடு பிழையைப் பாதியாக்கும். கால்வாசியாக்க 16 வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு 3 அல்லது 4 போதும்.

படி 5: புரொஃபைல்
புதுக் கோப்பை வழக்கம்போல 'கோல்புரோஃப்' கட்டளைக்குக் கொடுங்கள். அடைத்த நாசில் (மை வெளிவரும் துளை), தவறான பேப்பர் தேர்வு போன்றவை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி விழுவதால் சராசரியில் மறையாது. நாசில் செக்கை அச்சிடும் முன்பே முடித்துவிடுங்கள்.