வாயைக் கட்டும் முன் கணக்கைப் பாருங்கள்

மாதக் கடைசியில் கை கடிக்க ஆரம்பித்ததும் நம் வீடுகளில் முதலில் குறைவது பால். அடுத்தது மீன், அதற்கும் அடுத்தது பிள்ளைகளுக்கு வாங்கும் பழம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் மிச்சம் பிடிக்க முடியும் என்று பழகிவிட்டோம். மற்ற தவறுகளை எல்லாம் மறைத்துவிடுகிற தவறு இதுதான். வளரும் பிள்ளையின் தட்டில் கை வைப்பதற்கு முன், ஒரே பொருளுக்கு எங்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

மின்கட்டணத்தில் தொடங்கலாம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம், பிறகு 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். செலவு 501 யூனிட் ஆனாலோ 101-வது யூனிட்டிலிருந்தே 4.50 என்று கணக்கு மாறி, 1,958 ரூபாய் ஆகிவிடும். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், உங்கள் ரசீதில் எந்த வரம்பில் கட்டணம் தாவுகிறது என்று பார்த்து வையுங்கள். கணக்கெடுப்பவர் வந்த தேதியையும் அன்றைய எண்ணையும் காலண்டரில் குறித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பாருங்கள். அந்த வரம்பில் பாதிக்கு மேல் போயிருந்தால் மீதி நாட்களில் சுதாரித்துக்கொள்ளலாம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புது வகையான பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற வீட்டில், ஒரு விசிறியை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும்.

வாடகைக்குப் போர்ஷன் பார்க்கும்போது தனி மீட்டரா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் சப் மீட்டரா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது அடுத்த தவறு. வடசென்னையின் ராயபுரம், கொருக்குப்பேட்டைச் சந்துகளில் ஒரே இணைப்பில் மூன்று நான்கு குடும்பங்கள் இருக்கும். இலவச 100 யூனிட் அந்த ஓர் இணைப்புக்குத்தான். எல்லோருடைய செலவும் ஒன்றாகச் சேர்ந்து மேல்கட்டணத்துக்குப் போய்விடும். குறைந்த வாடகை என்று நினைத்துக் குடிவந்தவர்கள் யூனிட்டுக்கு எட்டும் பத்துமாகக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

ரேஷனில் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு பருப்பையும் பாமாயிலையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மளிகைக் கடையில் பருப்பு இதைப்போலப் பல மடங்கு விலை. முதல் நடையில் சரக்கு வரவில்லை என்றால் மாதம் முடிவதற்குள் இன்னொரு முறை போய்க் கேளுங்கள். பாலுக்கு ஆவின் மாத அட்டை போட்டால், அன்றாடம் கடையில் வாங்குவதைவிட விலை குறைவு.

மீனைக் கைவிட வேண்டியதில்லை. வாங்கும் நாளை மாற்றினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன் சந்தையில் ஊரே கூடி நிற்கும்போது வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிப் பயனில்லை. வாரநாளில் விடியற்காலையில் போனால் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். சத்தில் இவை வஞ்சிரத்துக்கு இளைத்தவை அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பெரிய மீன் விலை ஏறிவிடும். அப்போது கருவாடும் முட்டையும் வீட்டுச் செலவைத் தாங்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தினமும் தவணை கட்டும் தண்டல் கடன். பத்தாயிரம் என்று பேசி 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ‘வட்டி 1,500 தானே’ என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். ஒரு கிராம் கம்மல் இருந்தாலும் முதலில் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் கேளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அங்கே கேளுங்கள். ஏற்கெனவே தண்டல் ஓடிக்கொண்டிருந்தால், அதை அடைக்க இன்னொரு தண்டல் மட்டும் வாங்காதீர்கள். புதுப்பணத்திலும் முதலிலேயே 1,500 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். கடன் அப்படியே நிற்கும்.