ஒனிடாமா: புதியவர்கள் விடும் பிழைகள்

போயா லீவு வந்தால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் ஒனிடாமா விரிந்துவிடும். கரம் போர்டு வைக்க இடமில்லாத ஃப்ளாட்டுக்கு ஏற்ற விளையாட்டு. இருவர், ஐந்துக்கு ஐந்து கட்டம், ஆளுக்கு ஓர் ஆசானும் நான்கு மாணவர்களும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜப்பானியரான ஷிம்பெய் சாட்டோ 2014இல் உருவாக்கியது. புதிதாக உட்காருகிறவர்கள் நான் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். காயை எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் இரண்டாவது ஆட்டத்தில் தானாக வந்துவிடும், அதை விடுவோம்.

போட்ட கார்டை மறந்துவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பெட்டியில் 16 கார்ட்கள், காய் எப்படி நகரலாம் என்பதை ஒவ்வொன்றும் காட்டும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்துதான்: ஆளுக்கு இரண்டு, ஓரத்தில் ஒன்று. எல்லாம் முகம் தெரியவே கிடக்கும். ஒரு கார்டைப் போட்டுக் காயை நகர்த்தியதும் ஓரத்தில் கிடந்தது உங்கள் கைக்கு வரும். நீங்கள் போட்டது எதிராளிக்காகக் காத்திருக்கும். அவர் தன் முறையை ஆடிவிட்டு அதை எடுத்துக்கொள்வார். அடுத்த முறை அதாலேயே உங்களை வெட்டுவார்.

போன போயாவுக்கு அக்காவின் மகன் வந்திருந்தான். செஸ் நன்றாக ஆடுகிறவன். கையில் புலி கார்ட். 16 கார்ட்களிலும் நேரே இரண்டு கட்டம் முன்னால் பாய்வது புலி ஒன்றுதான். சந்தர்ப்பம் கிடைத்ததும் பாய்ந்து என் மாணவன் ஒருவனை வெட்டினான், முகமெல்லாம் சிரிப்பு. என் இன்னொரு மாணவன் அவனுடைய ஆசானுக்கு நேரே இரண்டாம் கட்டத்தில் நிற்பதை அவன் பார்க்கவே இல்லை. நான் மூலைக் காய் ஒன்றைச் சும்மா நகர்த்திவிட்டுப் புலியை எடுத்தேன். அப்போதாவது ஆசானை விலக்கியிருக்கலாம். இன்னொரு காயை வெட்டும் அவசரம் அவனுக்கு. நான் புலியைப் போட்டு ஆசானைத் தூக்கினேன், ஆட்டம் முடிந்தது.

“நடுவில என்ர ஆள் நிக்கிறான், அளாப்பாதேங்கோ மாமா!”

சரி, புலியைப் போடாமலே வைத்திருந்தால் என்ன என்று கேட்பார்கள். வைத்திருக்கலாம். ஆனால் அப்புறம் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு மிஞ்சுவது மற்ற ஒரு கார்ட்தான். எதிராளி கழித்துவிட்டதை வைத்தே ஆட வேண்டிவரும், அவருக்கு அது முன்கூட்டியே தெரியும். ஆகவே பதுக்கி வைப்பது ஆபத்துக்கு மட்டும். மற்றபடி, கார்டில் கை வைக்கும் முன் எதிராளியின் நாற்காலியில் இருந்து ஒரு தடவை பாருங்கள்: இது அவர் கைக்குப் போனால் முதலில் எதை வெட்டுவார்? ஒரு காய் கிடைக்கிறதே என்று ஓடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

மறைப்பு வைப்பது

மருமகனின் புகாருக்குப் பதில் இது: இங்கே எந்தக் காயும் எதையும் தாண்டும். நடுவில் ஆளை நிறுத்திப் பயனில்லை.

எதிராளியின் கார்டைத் தன் பக்கமாக வாசிப்பது

முயல் வலப்பக்கம் இரண்டு கட்டம் போகும். யாருடைய வலப்பக்கம்? வைத்திருப்பவருடையது. எதிரே இருப்பவர் கையில் முயல் இருந்தால் அது உங்களுக்கு இடப்பக்கம். கழுத்தைச் சாய்த்தாவது பாருங்கள்.

ஆசானைப் பூட்டி வைப்பது

செஸ் ஆட்களின் வியாதி. எதிராளியின் ஆசான் ஆட்டம் தொடங்கும் கட்டம்தான் அவருடைய வாசல். உங்கள் ஆசான் அங்கே போய் நின்றாலே வெற்றி, யாரையும் வெட்டத் தேவையில்லை. காய்கள் குறைந்து கட்டங்கள் வெளித்த பிறகு பெரும்பாலும் அதுதான் கிட்டிய வழி. மாணவர்களை எல்லாம் இழந்த சின்னப் பிள்ளைகள்கூட இப்படி வென்றதைப் பார்த்திருக்கிறேன்.

வழியில்லை என்று கை கட்டுவது

எந்தக் காயையும் நகர்த்த முடியாவிட்டாலும் ஒரு கார்டை மாற்றியே ஆக வேண்டும். எதை என்பது உங்கள் விருப்பம்.